சோகம் வேறு, நோய் வேறு

நம்முடைய நாவல்களில் டாக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. கதாநாயகனுக்கு ஜுரம் கண்டால் மறு அத்தியாயத்தில் டாக்டர் தோல் பையுடன் வந்து நிற்கிறார். நாடி பார்க்கிறார்; ஊசி போடுகிறார்; இன்று ராத்திரி தாண்டட்டும் என்று சொல்லிவிட்டுப் பீஸை வாங்கிக்கொண்டு போகிறார். பிரசவத்துக்கு டாக்டர் உண்டு. மாரடைப்புக்கு உண்டு. மாடிப்படியில் உருண்டு விழுந்தவருக்கும் உண்டு. ஆனால் அதே நாவலில் ஒரு பாத்திரம் மாதக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சோற்றில் ருசி இல்லாமல், பெற்ற குழந்தையைத் தூக்கவும் மனம் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அங்கே டாக்டர் வருவதில்லை. ஆசிரியரே வந்துவிடுகிறார். ஒரு பக்கம் நிலவைப் பற்றி எழுதுகிறார். இன்னொரு பக்கம் விதியைப் பற்றி எழுதுகிறார். மூன்றாவது பக்கத்தில் அந்தப் பாத்திரம் செத்துப் போகிறது. நாமும் புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல நாவல் என்கிறோம்.

மனச்சோர்வு என்று இன்று டாக்டர்கள் பெயர் சொல்லும் வியாதியை நம் கதை இலக்கியம் பெரும்பாலும் வியாதியாகப் பார்க்கவில்லை. சோகமாகவே பார்த்து வந்திருக்கிறது. சோகம் அழகானது. அதற்கு மருந்து கொடுப்பது முகாரி பாடுகிறவருக்கு இருமல் மாத்திரை நீட்டுவதைப் போன்ற அநாகரிகம் என்று நாம் நினைக்கிறோம். இந்த நினைப்பால் இலக்கியத்துக்கு ஒரு நஷ்டம். வாசகர்களுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். இரண்டையும் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இந்தப் பழக்கத்தின் வேரைத் தேடிக்கொண்டு போனால் சங்க இலக்கியத்தில் போய் நிற்கிறோம். தலைவி மெலிகிறாள், பசலை பூக்கிறது, வளை கழன்று விழுகிறது. தாய் பயந்து போகிறாள். கட்டுவிச்சியைக் கூப்பிட்டுக் குறி கேட்கிறாள். வேலன் வருகிறான், களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்து, இது முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று சொல்லி வெறியாடுகிறான். தலைவியும் தோழியும் உள்ளுக்குள் சிரிக்கிறார்கள். மலைநாட்டுத் தலைவன் ஒருவன்மேல் கொண்ட காதல்தான் காரணம் என்பது அவர்களுக்குத் தெரியும். தக்க சமயத்தில் தோழி உண்மையைச் சொல்கிறாள், கலியாணம் நடக்கிறது, நோய் தீர்கிறது.

தப்பான வைத்தியத்தைப் பார்த்து இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே கேலி செய்த இலக்கியம் நம்முடையது. அதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேலியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் என்ன? வேலன் சொன்னது தப்பு என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளவில்லை. பெண் ஒருத்தி வாடினால் அதற்குப் பின்னால் ஓர் ஆண் இருக்கிறான், அவனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு சூத்திரமே எழுதிக்கொண்டோம். அந்தத் தலைவிக்கு நோய் இல்லை, வாஸ்தவம். ஆனால் அவளுக்குப் பின் வந்த பெண்கள் ஒருத்திக்குமே நோய் இருக்காது என்று முடிவு கட்டிவிட்டோம். இன்றைக்கும் வீட்டில் ஒரு பெண்ணோ பையனோ பேச்சுக் குறைந்து மூலையில் உட்கார்ந்தால் பெரியவர்கள் சொல்வது என்ன? "ஒரு கலியாணத்தைப் பண்ணி வை, எல்லாம் சரியாப் போகும்." வெறியாட்டுக்குப் பதில் கலியாணம், ஆட்டுக்குட்டிக்குப் பதில் பக்கத்து ஊரில் ஒன்றும் தெரியாமல் இருக்கும் இன்னொருவரின் பிள்ளை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சங்கத் தலைவியின் வாட்டம் கலியாணத்தில் முடிந்தது. பிற்காலக் கதாநாயகர்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. சரத் சந்திரரின் தேவதாஸ் நாவல் 1917-ல் வங்காளியில் வெளிவந்தது. தமிழில் அதைப் படித்தவர்களைவிட, 1953-ல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்து வந்த படத்தைப் பார்த்தவர்கள் மிக அதிகம். தேவதாஸ் என்பது ஒரு மனிதனின் பெயராக இல்லாமல் ஒரு நிலையின் பெயராகவே ஆகிவிட்டது. தாடி வளர்த்தவனெல்லாம் தேவதாஸ். அந்தக் கதையை இன்று திரும்பப் படித்துப் பாருங்கள். பணம் படைத்த குடும்பம். கல்கத்தாவில் படித்த இளைஞன். நோயில் ஈரல் கெடும் வரைக்கும் குடி. கடைசியில் பார்வதியின் வீட்டு வாசலில் மரணம். உடம்பைப் பார்க்க டாக்டர் வருகிறார். இவன் ஏன் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறான் என்பதற்கு ஒரு வைத்தியம் இருக்கலாம் என்று கதைக்குள் யாருக்கும் தோன்றவில்லை. 1917-ல் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை. அந்த மருந்துகள் அன்று பிறக்கவே இல்லை. இந்த நூற்றாண்டில் எழுதும் நமக்கும் தோன்றாததுதான் ஆச்சரியம்.

சில வருஷங்களுக்கு முன் உடன்குடியில் ஒரு சிறிய வாசகர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. திருநெல்வேலி ஜில்லாவில் இருந்து, 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்த ஊர் அது. செம்மண் தேரி, பனங்காடு, கருப்பட்டி என்று பெயர் வாங்கிய ஊர். ஒரு பக்கம் குலசேகரப்பட்டினம், இன்னொரு பக்கம் திருச்செந்தூர். தேவதாஸைப் பற்றி நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன கதையெல்லாம் நானும் படிச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க மதினிக்கு மூத்த பிள்ளை பெத்த பொறவு இப்படித்தான் இருந்துச்சு. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்ல, ஒரே சடவா இருக்குன்னுதான் சொல்லுவா. பிள்ளை அழுதாலும் திரும்பிப் பாக்க மாட்டா. இப்படி ஒருத்தி ஆசுபத்திரிக்குப் போயி, மாத்திரை தின்னு, நல்லாகித் திரும்பி வந்ததா எந்தக் கதையிலயாவது எழுதியிருக்காங்களா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விமரிசகர் பத்துப் பக்கத்தில் சொல்ல வேண்டியதை அந்த அம்மாள் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். கூட்டம் முடிந்த பிறகு மீதியையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பச்சை உடம்புக்காரி, காற்றுக் கறுப்பு பட்டிருக்கும் என்று வீட்டில் கயிறு கட்டினார்கள். குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். நாலு மாதம் போயிற்று. குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாதான் அவளைத் தனியாக உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். குழந்தை தூங்கும்போதாவது உனக்குத் தூக்கம் வருகிறதா? நாம் இல்லாமல் போனால் நல்லது என்று தோன்றுகிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில்; இரண்டாவதற்கு அழுகை. அதே வாரம் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்கள்.

பால் கொடுக்கிறவளுக்கு ஏற்ற மருந்தாகப் பார்த்து டாக்டர் கொடுத்தார். இரண்டு வாரம் ஆகியும் ஒரு மாறுதலும் தெரியவில்லை. மாமியார் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். புருஷன் மட்டும், டாக்டர் ஆறு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார், பொறுப்போம் என்று நின்றான். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் காலையில் அடுப்பங்கரையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அவளே எழுந்து வந்து கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாளாம். "அன்னைக்குத்தான் எங்கண்ணன் அழுதான்" என்றார் அந்த அம்மாள்.

இந்தக் கதையில் என்ன குறைவு? மாமியார் இருக்கிறார், கோயில் இருக்கிறது, ரகசியம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, கடைசியில் ஒரு விடிகாலையும் இருக்கிறது. நம் எழுத்தாளர்கள் இதை எழுதாமல் இருந்ததற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. சோகத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை நாம் கவனிக்கவில்லை.

வித்தியாசத்தைக் காட்ட உடன்குடிப் பக்கத்திலேயே ஒரு நாவல் இருக்கிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-ல் வெளிவந்தது. அதன் களம் பக்கத்து மணப்பாட்டுக் கடற்கரை. பிலோமிக்குக் காதல் கைகூடவில்லை. தாயையும் இழக்கிறாள். துக்கத்துக்கு அவளிடம் குறைவே இல்லை. ஆனால் அவளுடைய துக்கம் நகர்கிறது. அவளால் மன்னிக்க முடிகிறது. இன்னொரு மனிதரின் பேச்சு அவளுக்கு ஆறுதலாக இருக்கிறது. கடலும் மீனும் வல்லங்களும் அவளுக்குக் கண்ணில் படுகின்றன. துக்கத்துக்குள்ளேயே அவள் வளர்கிறாள். சோகம் என்பது இதுதான். அதற்கு மருந்து வேண்டியதில்லை. காலமும் மனிதர்களும் போதும். அதை எழுதுவதற்கு நாவலாசிரியனுக்குப் பூரண உரிமை உண்டு.

நோய் அப்படி நகர்வதில்லை. காரணம் இருந்தும் வரும். ஒரு காரணமும் இல்லாமலும் வரும். நல்ல உத்தியோகம், அன்பான மனைவி, சொந்த வீடு எல்லாம் இருக்கிறவனுக்கும் வரும். பொழுதெல்லாம் மனம் கனத்திருக்கும், அல்லது முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு இருக்காது. இதில் ஏதாவது ஒன்று, அநேகமாக எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கூடவே தூக்கம் கெடுகிறது. பலருக்கு விடியற்காலம் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பசி போகிறது. வேலை ஓடுவதில்லை. ஒரு தப்பும் செய்யாதவன் தன்னைப் பெரிய பாவியாக நினைக்கிறான். கடைசியில் சாவைப் பற்றிய நினைப்பும் வருகிறது. நம் ஊரில் இதையெல்லாம் மனத்தின் பேரில் யாரும் சொல்வதில்லை. உடம்பின் பேரில்தான் சொல்கிறார்கள். நெல்லைச் சீமையில் சடவு என்பார்கள். தலைப் பாரம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் அசதி என்பார்கள். டானிக் வாங்கிக் குடிப்பார்கள். தைராய்டுக் கோளாறும் ரத்தச் சோகையும்கூட இதே வேஷத்தில் வருவதுண்டு என்பதால், டாக்டர் முதலில் அதைப் பரிசோதித்துப் பார்ப்பார். மூன்று மணி விழிப்பும், ருசியற்ற சோறும், காரணம் இல்லாத குற்ற உணர்ச்சியும் கதாபாத்திரத்திடம் இருக்கும்போது, எழுத்தாளன் அதை ஏக்கம் என்று பெயரிட்டு நகர்ந்துவிட்டால், அவன் பார்வை கூர்மையாக இல்லை என்றுதான் அர்த்தம்.

இலக்கியத்தில் இப்படி முன்பும் ஒரு முறை நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் க்ஷயரோகம் கவிதை நோயாக இருந்தது. டூமா மகனின் காமெலியா மலர்ச் சீமாட்டி 1848-ல் வெளிவந்தது. அதிலிருந்து எத்தனை கதாநாயகிகள் இருமி, கைக்குட்டையில் ரத்தம் துப்பி, நம்மை அழவைத்தார்கள்! வெளிறிய கன்னமும் பளபளக்கும் கண்ணும் காதலின் லட்சணம் என்று கொண்டாடினோம். உண்மையில் அது எவ்வளவு கொடுமையான நோய் என்பது நம் எழுத்தாளர்களுக்கே தெரியும். திருநெல்வேலித் தமிழை உலகத் தரத்துக்குக் கொண்டுபோன புதுமைப்பித்தனை 1948-ல், 42 வயதில், அந்த நோய்தான் கொண்டுபோயிற்று. பிறகு மருந்துகள் வந்தன. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-ல் ஐசோனியாசிட். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் கிடந்து பெறும் குணத்தை ஏழை தன் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டும் பெறலாம் என்று உலகத்துக்கே காட்டியது. அதற்குப் பின் கதாநாயகிகள் இருமுவது மெல்ல நின்றுவிட்டது. இலக்கியம் அதனால் ஏழையாகிவிட்டதா? இல்லை. இருமலை நம்பிப் பிழைத்த மோசமான நாவல்கள் மட்டுமே போயின.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மனச்சோர்வுக்கு முதல் மருந்துகளில் ஒன்று க்ஷய ஆஸ்பத்திரியில்தான் அகப்பட்டது. 1952-ல் நியூயார்க்கின் ஸீ வியூ ஆஸ்பத்திரியில் இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் க்ஷயரோகிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, படுத்துக் கிடந்தவர்கள் உற்சாகமாக எழுந்து நடமாடினார்கள். வார்டில் ஆடவும் செய்தார்கள். மருந்து மனத்துக்கும் எட்டுகிறது என்று டாக்டர்கள் கண்டுகொண்டார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் ரோலண்ட் கூன் என்பவர் வேறொரு மனோவியாதிக்காகச் சோதித்த இமிப்ரமின், அதற்கு உதவாமல் மனச்சோர்வுக்கு உதவியதை 1957-ல் எழுதினார். அந்த இரண்டிலும் பக்க விளைவுகள் அதிகம். இன்று கொடுக்கும் மருந்துகள் அவற்றைவிடச் சாது. மருந்து இல்லாமல், பயிற்சி பெற்றவர் வாரந்தோறும் உட்கார்ந்து பேசி எண்ணங்களின் போக்கை மாற்றும் சிகிச்சையும் உண்டு. லேசான சோர்வுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது. இருமலை விட்டுவிட்ட நம் கதைகள், இந்தச் செய்தியை மட்டும் இன்னும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாவலைவிடச் சினிமாவின் பாவம் பெரிது. பார்க்கிறவர்கள் அதிகம் அல்லவா? 1999-ல் வந்த 'சேது'வை நல்ல படம் என்றே நானும் சொல்வேன். அடிபட்டுப் புத்தி கலங்கிய கதாநாயகனை ஒரு மடத்தில் சங்கிலியில் பிணைத்து வைக்கிறார்கள். அவன் குணமாகிறான்! ஆனால் வெளியே வந்தால் காதலி இறந்து கிடக்கிறாள். அவன் திரும்பவும் அந்த மடத்தை நோக்கியே நடந்துவிடுகிறான். குணமானவன் அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு வாழக் கதை அனுமதிக்கவில்லை. 2005-ன் 'சந்திரமுகி'யில் மனோவைத்தியரே கதாநாயகன். ஆனால் அவர் செய்வது வைத்தியமா, மாந்திரீகமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேலன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்ததைப் போல இருக்கிறது. 2012-ல் வந்த '3' என்ற படத்தில் நோயின் பெயரைச் சொல்லும் துணிவு இருக்கிறது, டாக்டரும் இருக்கிறார். ஆனால் கட்டிய மனைவியிடம் நோயை மறைப்பது அன்பின் அடையாளமாகக் காட்டப்படுகிறது. மறைத்ததன் முடிவு மரணம். படம் அதை எச்சரிக்கையாகச் சொல்லவில்லை, கண்ணீராகச் சொல்கிறது.

இவை போகட்டும், நகைச்சுவைக் காட்சிகள் செய்த காரியம் இன்னும் மோசம். சென்னையில் 1794-லிருந்து தொடர்ந்து வரும் ஓர் ஆஸ்பத்திரியின் இருப்பிடமான கீழ்ப்பாக்கம் என்ற பெயரே வசவுச் சொல்லாகிவிட்டது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அந்த ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்து, அதை அடைத்துவைக்கும் இடமாக இல்லாமல் குணப்படுத்தும் இடமாக ஆக்கப் பாடுபட்டார். 1984-ல் ஸ்கார்ப் என்ற அமைப்பையும் தொடங்கினார். 2021-ல் தம் 98-வது வயதில் காலமாகும் வரை நோயாளிகளைப் பற்றியே நினைத்தவர். இப்படி ஒரு வாழ்க்கை நம் கண் முன்னால் நடந்திருக்கிறது. நமக்குத் தெரிந்ததெல்லாம் கீழ்ப்பாக்கம் ஜோக்குதான்.

ஜோக்கின் விலை என்னவென்று ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தெரிந்தது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு மனநோயாளர் இல்லத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்து விசாரித்தது; அந்த வகை இல்லங்கள் மூடப்பட்டன. 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்கிறது. அங்கே கொண்டுபோய் விட்ட உறவினர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று நான் நம்பவில்லை. வேறு வழி தெரியாதவர்கள், வெளியே சொல்ல வெட்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். அந்த வெட்கத்தை ஊட்டி வளர்த்ததில் கதைக்கும் சினிமாவுக்கும் பங்கு உண்டு.

இதை வைத்துக்கொண்டு, கோயிலுக்கும் தர்காவுக்கும் போகாதே என்று நான் சொல்ல வரவில்லை. குலசைத் தசராவுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, காளியாகவும் குறவனாகவும் வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தனியாகக் கிடந்தவனை நாலு பேரோடு சேர்ந்து நடக்கவைக்கும் வழிபாடு அது. அந்தத் துணையும் ஓர் ஆறுதல்தான். உடன்குடி மதினிக்கு நேர்ந்ததும் இரண்டும்தான்: நேர்த்திக்கடனும் முடித்தார்கள், மாத்திரையும் சாப்பிட்டாள். குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் பிரார்த்தனைக்குப் பக்கத்திலேயே டாக்டரை உட்காரவைத்து, மருந்தும் துவாவும் சேர்ந்தே நடக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஏர்வாடியிலும் பின்னர் அந்த முறை வந்தது. எவ்வளவு நல்ல சமரசம்! சாமி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இனி எழுத்தாளர்கள் சொல்லும் ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. மனிதனின் ஆழமான வேதனையை ஒரு மாத்திரைக்குள் அடக்கிவிட்டால் இலக்கியம் எதற்கு, நாவலாசிரியன் சுகாதார இலாகாவின் பிரசாரகனா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. இதற்குச் செகாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். அவரே டாக்டர், க்ஷயத்தில் 1904-ல் இறந்தவர். 1892-ல் அவர் எழுதிய 'ஆறாம் வார்டு' கதையில் ஒரு டாக்டர், வேதனை என்பது வெறும் எண்ணம், ஞானி அதைப் பொருட்படுத்த மாட்டான் என்று பைத்திய வார்டில் இருக்கும் நோயாளியிடம் தத்துவம் பேசுகிறார். கடைசியில் அவரையே அந்த வார்டில் போட்டு அடைக்கிறார்கள். ஒரே நாளில் அவருடைய தத்துவம் பொடியாகிறது. வேதனையைப் பற்றி அழகாகப் பேசுவது வேறு, அதைப் போக்க முயல்வது வேறு என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதை அபூர்வம். இதில் பிரசாரம் எங்கே இருக்கிறது?

மாத்திரை வேதனையின் கதையை முடித்துவைப்பதும் இல்லை. அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. மருந்து வேலை செய்ய இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும். அந்த இடைக்காலத்தில் ஒரு வீடு எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? பக்கத்து வீட்டார் கண்ணில் படாமல் மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் மருமகளை யார் எழுதினார்கள்? சரியாகிவிட்டதென்று தானாக மருந்தை நிறுத்திவிட்டு, மூன்றாம் மாதம் மறுபடி விழுந்து, குணமான பின்னும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அப்போதுதான் நினைத்துக்கொள்ளும் குமாஸ்தாவை யார் எழுதினார்கள்? இது தூக்க மாத்திரை, பழகிவிட்டால் விடாது என்று பயமுறுத்தும் மாமாவுக்கு, இது அந்த வகை அல்ல, டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று பதில் சொல்லும் தங்கையை யார் எழுதினார்கள்? பெங்களூர் நிமான்ஸ் நிலையம் 2015-16-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்கு 80-க்கும் மேற்பட்டவர்கள் எந்தச் சிகிச்சையும் பெறாமல் இருந்தார்கள் என்று தெரிந்தது. அந்த எண்பதுக்குள் எத்தனை நாவல்கள் எழுதப்படாமல் கிடக்கின்றன!

இந்தக் கண்ணோட்டம் நமக்கு அந்நியமானதும் அல்ல. சித்த வைத்தியம் மனக்கோளாறுகளைக் கிரிகை என்று பெயரிட்டு 18 வகையாகப் பிரித்தது. நோய் என்று ஒப்புக்கொண்டதால்தானே பிரித்தார்கள்? வள்ளுவரும் துன்பத்துக்கு ஓர் அதிகாரம் எழுதினார். மருந்துக்கு வேறோர் அதிகாரம் எழுதினார். இடுக்கண் அழியாமை என்பதில் மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். மருந்து என்பதில், நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தைக் கண்டு, தணிக்கும் வழி பார்க்கச் சொல்கிறார். ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்குச் சொல்லவில்லை. நோய்வாய்ப்பட்டவனிடம் போய் மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று உபதேசம் செய்கிறவர்கள் அதிகாரம் மாற்றிப் படிக்கிறார்கள்.

அந்த மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்துக்கு நாலு பகுதி சொல்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நம் கதைகளை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். நோயாளியை நாம் மிக நன்றாக எழுதிவிட்டோம். அவன் தாடியை, அவள் பசலையை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எல்லாம் எழுதிவிட்டோம். மற்ற மூன்று பேர் இன்னும் மேடைக்கு வரவில்லை. அதிலும் நாலாவது ஆள், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், மருந்து வேலை செய்யும் வரை பொறுத்திருந்து, நடுவில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்கிறவர் இருக்கிறாரே, அவரைவிட நல்ல கதாநாயகன் தமிழ் நாவலுக்குக் கிடைக்க மாட்டான்.

எழுத்தாளர்கள் எழுதட்டும் என்று வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. படிக்கிற கதையைச் சோகத்துக்காக ரசியுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை என்றால் அதை மட்டும் ரசிக்காதீர்கள். பெரிய பட்டணத்துக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன; ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மனநலத் திட்டம் இருக்கிறது. முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடாமல், தனியாகவும் விடாமல், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். தேவதாஸுக்கு அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் சரத் சந்திரரின் நாவல் கொஞ்சம் நீளமாகியிருக்கும், அவ்வளவுதான்.